ஞானகலசம் பச்சோந்தி ஆராய்ச்சி மையம்

ஞானகலசம் கலை அறிவியல் கல்லூரியில் பச்சோந்தி ஆராய்ச்சி மையம் ஒன்று சிறப்பாக இயங்கி வருகிறது என்ற தகவலும், அதன் இயக்குநர் ரூத்தேதான் என்ற தகவலும் அவளுக்கு ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. சொன்னவர் கல்லூரி முதல்வர் முனைவர் ராமானுஜம். ரூத் அங்கே விலங்கியல் உதவிப் பேராசிரியை. அன்றைக்கு அவள் முதல்வரைப் பார்க்கப் போனது வேறு காரியத்துக்கு.

காரியம் இதுதான். அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு எழுதிய பரீட்சையில் ரூத் தேறிவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை காலை செங்கல்பட்டில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவேண்டும்; வராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அசல்களோ அவளிடம் இல்லை. ஞானகலசத்தில் வேலைக்குச் சேருகிற அன்றைக்கே ஆசிரியர்களின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் பட்டச் சான்றிதழ் வரை எல்லா அசல்களையும் வாங்கித் தாளாளர் அறை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவது வழக்கம். யாரும் சொல்லாமல் கொள்ளாமல் நல்ல வேலைக்குப் போய்விடக் கூடாது பாருங்கள். அடகுக் கடையிலாவது ஒரு ரசீது கொடுப்பார்கள். இங்கே அதுவும் கிடையாது.

"வெள்ளிக்கிழமையா? புதன், வியாழன் தரச்சான்றுக் குழு வருதே மேடம்," என்றார் ராமானுஜம். "குழு போகட்டும். வியாழன் சாயங்காலம் தாளாளர் கையாலயே வாங்கித் தரேன். ஆனா உங்க மையத்தை நல்லபடியா காட்டிடணும்."

"எந்த மையம் சார்?"

அப்போதுதான் அந்தத் தகவல்கள் சொல்லப்பட்டன.

நடந்தது என்னவென்றால், தரச்சான்று வேண்டுகிற கல்லூரி தன் பெருமைகளைத் தானே ஓர் அறிக்கையாக எழுதி அனுப்ப வேண்டும். முதல்வருக்கு எழுத நேரமில்லை. வேறு ஏதோ மாநிலத்தில் ஏதோ மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு நல்ல கல்லூரியின் அறிக்கையை இணையத்திலிருந்து இறக்கி, அந்தக் கல்லூரியின் பெயர் வருகிற இடமெல்லாம் 'ஞானகலசம், படூர்' என்று மாற்றி அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகுதான் படித்துப் பார்த்தார். அதன்படி ஞானகலசத்தில் அருவிக்கரையில் ஒரு தியான வனம் இருந்தது. பனிக்காலத்தில் மாணவர்களுக்கு இலவசக் கம்பளி வழங்கப்பட்டு வந்தது. பச்சோந்திகள் சுற்றுப்புறத்துக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்வதை ஆராய ஒரு மையம் இருந்தது.

"திருத்தி அனுப்பக் கூடாதா சார்?"

"அனுப்பின அறிக்கையை மாத்த முடியாது மேடம். விதி அப்படி. அதனால காலேஜைத்தான் மாத்தணும்," என்றார் ராமானுஜம், உலகத்திலேயே எளிய விஷயத்தைச் சொல்கிற மாதிரி.

பச்சோந்தியைக் கொண்டுவந்து சேர்த்தவர் அச்சரப்பாக்கம் தடத்தில் கல்லூரி பஸ் ஓட்டுகிற வாசுதேவன். தட்டு போட்டு மூடிய ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை ரூத்தின் மேஜையில் வைத்தார்.

"இந்தா மேடம், உங்க டிபார்ட்மென்ட் ஆளு. வேலிகாத்தான்ல குந்திகினு இருந்துச்சு. இன்னா மொறைப்பு மொறைக்குது பாருங்கோ. ஒரு கண்ணு என்னப் பாக்குது, இன்னொரு கண்ணு பிரின்சிபால் ரூமைப் பாக்குது."

"அண்ணே, இதைப் பிடிக்கிறதே சட்டப்படி குத்தம். வனத்துறைக்குத் தெரிஞ்சா உள்ள வெச்சிடுவாங்க."

"எனக்கு இன்னா தெரியும் மேடம்? பிட்ச்சினு வான்னாரு, பிட்ச்சாந்தேன். வேலில போற ஓணானை எட்த்து மடியில வுட்டுக்கினு குத்துது குடையுதுன்னானாம். அந்தக் கதையா ஆய்டும் போல கீதே!"

ரூத் சட்டத்தை முதல்வரிடமும் சொல்லிப் பார்த்தாள். அவர் பதறவில்லை. "பிடிச்சதா ஏன் மேடம் நினைக்கிறீங்க? ஆய்வுக்கு ஒத்துழைக்க வந்திருக்கு," என்றார். பேச்சோடு பேச்சாகப் பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பச்சோந்தி வாயைப் பிளந்து உப்பிக்கொண்டு கறுத்தது.

மறுநாளிலிருந்து பச்சோந்திக்குப் பயிற்சி தொடங்கியது. கல்லூரிச் சுவர் முழுக்கப் பிஸ்தா பச்சை அடித்திருந்தார்கள். தாளாளர் பரணிதரன் கேளம்பாக்கத்தில் கட்டிய அடுக்குமாடிக்கு வாங்கி மீந்துபோன பெயின்ட் அது. அந்தப் பச்சையிலேயே ஆசிரியைகள் எல்லோருக்கும் குழு வருகிற நாளில் உடுத்த ஒரே மாதிரி சேலையும் எடுத்துக் கொடுத்தார்கள். புடவைக்கான பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், அது வேறு விஷயம். பச்சோந்தியும் அதே பிஸ்தாவுக்கு மாற வேண்டும் என்பது முதல்வரின் எதிர்பார்ப்பு. கண்ணாடிப் பெட்டியில் பிஸ்தா அட்டையை ஒட்டி, காய்ந்த கிளை ஒன்றை நட்டு, சாப்பிடச் சில்வண்டுகளையும் விட்டார்கள். பச்சோந்தி கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு, கரும்பட்டை போட்ட உடம்போடு உட்கார்ந்திருந்தது.

"ஏன் மேடம் மாற மாட்டேங்குது?"

"சார், பச்சோந்தி சுவரைப் பார்த்து மாறாது. வெயில், பயம், கோபம், இதுக்குத்தான் நிறம் மாறும். இப்ப பயந்திருக்கு."

"அப்ப அறிக்கையில போட்டிருக்கிறது பொய்யா?" முதல்வரின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நாலு பேர் படிக்கிற அறிக்கை மேடம். ஒரு பிராணி, அதுக்கு இருக்கிற பொறுப்பு இவ்வளவுதானா?"

செவ்வாய்க்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் தாளாளர் பேசினார். பரணிதரன் மனை வணிகத்திலிருந்து கல்விக்கு வந்தவர். இரண்டையும் ஒரே குரலில் பேசுவார்.

"தகவமைப்புன்னா என்னன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். நாம உக்காந்திருக்கிற இந்த இடம் மொதல்ல ஏரி. அப்புறம் கோழிப்பண்ணை. அப்புறம் பிளாட்டு. இன்னைக்குக் கல்லூரி. இடம் அதே இடம்தான், போர்டை மட்டும்தான் மாத்தினேன். என் வேட்டிக் கரையைப் பாருங்க. எந்த ஆட்சி வந்தாலும் அதுக்கேத்த கரையில ஒரு வேட்டி என் பீரோவுல தயாரா இருக்கும். ரிசல்ட் வர்ற அன்னைக்கு மத்தியானம் பன்னண்டு மணி வரைக்கும் நான் வெறும் துண்டோடதான் இருப்பேன். உங்க சர்டிபிகேட்டும் அதே பீரோவுலதான் இருக்கு, வேட்டிக்கு அடியில. பத்திரமா இருக்கு. உங்க வூட்டுல இருந்தா வெள்ளம் வரும், கரையான் அரிக்கும், நீங்களே எடுத்துக்கிட்டு எங்கயாவது போயிடுவீங்க. என்கிட்ட அந்த பயமே இல்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். ரூத்தும் தட்டினாள். தட்டாமல் இருந்தால் தெரியும்.

அதற்குப் பிறகு கல்லூரி மாறிய வேகத்தைப் பார்த்திருந்தால் எந்தப் பச்சோந்திக்கும் வெட்கமாக இருந்திருக்கும். கேன்டீனில் பரோட்டா போடுகிறவர் 'தொழில்துறை ஆலோசகர்' ஆனார். காவல்காரர் பட்டு வேட்டி கட்டி முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் ஆனார். பூட்டிக் கிடந்த அறைக்கு 'மன நல மையம்' என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டு மறுபடியும் பூட்டினார்கள். வாசுதேவனுக்குக் கோட்டு ஒன்று மாட்டி உடற்கல்வி இயக்குநர் என்று அட்டை குத்தினார்கள். கோட்டு முதல்வரின் மைத்துனருடையது. கை முட்டிவரைக்கும்தான் வந்தது. அருவிக்காகத் தண்ணீர் டேங்கர் லாரி ஒன்றைக் கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்தி, மொட்டை மாடி வரை குழாய் இழுத்து, அங்கிருந்து கீழே கொட்டவிட்டார்கள். மாணவர்கள் பனிக்காலக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அருவிக்கரையில் தியானம் பழகினார்கள். படூரின் சித்திரை வெயில். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அதை ஆழ்நிலைத் தியானம் என்று புகைப்படத்துக்குக் கீழே எழுதினார் ராமானுஜம்.

இத்தனை மாற்றத்துக்கு நடுவே மாறாமல் இருந்த ஒரே ஜீவன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

புதன்கிழமை குழு வந்தது. ஐந்து பேர். தலைவி பேராசிரியை சுந்தரவல்லி. எங்கோ வடக்கே துணைவேந்தராக இருந்து ஓய்வுபெற்றவர், பூர்வீகம் திருக்கழுக்குன்றம். முதல் நாள் பூமாலை போட்டார்கள், நடனம் காட்டினார்கள், மதியத்துக்கு மேல் குழுவை மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். கடல்காற்று வாங்குவது நிகழ்ச்சி நிரலில் 'கள ஆய்வு' என்று இருந்தது. வண்டி ஓட்டியது உடற்கல்வி இயக்குநர்தான்.

எல்லோரும் போன பிறகு ரூத் மையத்தில் தனியாக இருந்தாள். பச்சோந்தி வந்த நாளிலிருந்து எதுவும் தின்னவில்லை. சில்வண்டுகள் அதன் முதுகிலேயே ஏறி விளையாடின. முன்பு கறுத்துக் கறுத்து வெளிறிக்கொண்டிருந்த உடம்பு, இப்போது ஒரே கறுப்பாக நின்றுவிட்டது. ஒரு கண் அவளைப் பார்த்தது. இன்னொரு கண் ஜன்னலைப் பார்த்தது. ரூத்துக்கு அழுகை வந்துவிட்டது. பச்சோந்திக்காக அழுதாளா தனக்காக அழுதாளா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு பேரும் பூட்டுக்குள்ளே இருந்தார்கள். ஒருத்தர் பூட்டுச் சாவியாவது அவள் கையில் இருந்தது.

பெட்டியைத் திறந்து, கிளையோடு எடுத்துக்கொண்டு போய், பஸ் ஷெட்டுக்குப் பின்னால் வேலிகாத்தான் புதரில் வைத்தாள். அது உடனே ஓடிவிடவில்லை. ஒரு காலைத் தூக்கி, முன்னே வைப்பதா பின்னே வைப்பதா என்று ஆடி ஆடி யோசித்து, அப்புறம்தான் வைத்தது. சாய்ந்த வெயில் பட்டதும் கறுப்பு மெல்லக் கரைந்து, உள்ளேயிருந்து பச்சை வந்தது. இலைகளுக்குள் போகும்வரை ரூத் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாரத்தில் அவள் சந்தோஷமாக இருந்தது அந்தச் சில நிமிடங்கள்தான். திரும்பி வந்து காலிப் பெட்டியைப் பார்த்தபோதுதான் நாளைக்குக் குழுவுக்கு எதைக் காட்டுவது என்று உறைத்தது.

வியாழன் காலை விஷயத்தை வாசுதேவனிடம் மட்டும் சொன்னாள்.

"இன்னா மேடம் பண்ணிட்டீங்கோ! நாளிக்கு உங்க சர்டிபிகேட்டு?" வாசுதேவன் குட்டைக் கோட்டோடு தலையில் கை வைத்தார். பிறகு, "இருங்கோ," என்று வண்டிக்குப் போய் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தார்.

உள்ளே கல் பச்சோந்திகள். குழுவினருக்கு நினைவுப் பரிசாகவும், தன் ஷோகேசுக்கு ஒன்றாகவும் தாளாளர் மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்தில் மாக்கல்லில் செய்யச் சொன்னவை. நேற்றுத் திரும்பும்போது வாசுதேவன்தான் ஏற்றி வந்திருந்தார். பிள்ளையாரும் யானையும் செதுக்கிப் பழகிய கைகள் போட்டோ பார்த்துச் செதுக்கியிருந்தன. உடம்பெல்லாம் பச்சோந்திதான்; முகத்தில் மட்டும் யாளியின் சாயல் லேசாக அடித்தது.

"ஷோகேசு பீஸை உள்ள வெச்சிடலாம் மேடம்."

"அண்ணே, இது கல்லு."

"யாரு மேடம் உயிரு கீதா இல்லியான்னு தொட்டுப் பாக்கப் போறாங்கோ? நேத்து அருவியாண்ட நின்னாங்கோ. டேங்கர் பைப்பு மூஞ்சிக்கு நேரா தொங்கிகினு கீது. 'இயற்கை எழில்'னுட்டுப் போய்க்கினே இருந்தாங்கோ. பேஜாரே இல்ல, வைங்கோ."

வேறு வழி ரூத்துக்குத் தோன்றவில்லை. பிஸ்தா அட்டையை எடுத்துவிட்டு, நாலு கல்லைப் பரப்பி, நடுவே மாக்கல் பச்சோந்தியை வைத்தாள். சில்வண்டுகளை வெளியே எடுக்க நேரமில்லை. அவை புதிய முதுகிலும் ஏறிக்கொண்டன.

பதினோரு மணிக்குக் குழு மையத்துக்குள் வந்தது. ஐந்து பேரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். முதல்வர் பெட்டிக்குள் பார்த்தார், ரூத்தைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். அவர் முகம் பயிற்சி எதுவும் இல்லாமலே இரண்டு மூன்று நிறம் மாறியது. பிறகு சமாளித்துக்கொண்டு, "இதுதான் எங்க பெருமை," என்றார்.

"எங்கே? கல்லுதான் தெரியுது," என்றார் சுந்தரவல்லி. அப்புறம் கண்டுபிடித்தார். "அடேயப்பா! கல்லோட கல்லா இருக்கே! கொஞ்சமாவது அசையுதா பாருங்க."

பட்டாபிராமன் என்ற உறுப்பினர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "மூச்சு விடுது," என்று அறிவித்தார். தலைவர் ஒன்று சொல்லி உறுப்பினர் மறுப்பதில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி. இன்னொருவர் அது கண் சிமிட்டியதைப் பார்த்தார். மூன்றாமவர், தாம் பார்க்கும்போது சிமிட்டவில்லையே என்று ஆதங்கப்பட்டுக் கொஞ்சம் காத்திருந்து, அவரும் பார்த்தார்.

"இயக்குநர் சொல்லுங்க," என்றார் சுந்தரவல்லி. "எப்படிச் சாதிச்சீங்க?"

ரூத்துக்கு வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. பீரோ நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த அம்மாள் முகத்தில் திருக்கழுக்குன்றத்து அத்தை ஒருத்தியின் பரிவு இருந்ததாக அவளுக்குப் பட்டது. வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"மேடம், இது கல்லு மேடம்."

ராமானுஜம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதேதான்!" என்று சுந்தரவல்லி கை தட்டினார். "பச்சோந்தின்னு சொல்லவே இவங்களுக்கு மனசு வரல பாருங்க. கல்லுன்னே சொல்றாங்க. இதுதான் ஈடுபாடு. முப்பது வருஷமா நான் குழுக்கள்ல இருக்கேன். எந்தக் கல்லூரியிலயும் எதையும் கிட்டப் போய்ப் பார்த்ததில்ல. தள்ளி நின்னு பார்த்தாத்தான் தரம் தெரியும். இன்னைக்குத்தான் முதல் தடவையா ஒரு பெட்டி கிட்ட வந்து பார்த்தேன். வீண் போகல."

ஐந்து பேரும் கை தட்டினார்கள். முதல்வர் கண்ணைத் திறந்து எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினார்.

மதிய விருந்துக்குப் பிறகு சால்வை, சந்தனமாலை, நினைவுப் பரிசு. சுந்தரவல்லி தமக்குக் கொடுத்த மாக்கல் பச்சோந்தியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிற்பி நல்லாத்தான் செஞ்சிருக்கான். ஆனா உயிர் இல்ல," என்றார் நியாயமாக. "உங்க மையத்துல நிஜத்தைப் பார்த்தப்புறம் இது ஒரு மாத்து கம்மிதான்."

குழுவின் கார்கள் போனதும் ரூத் நேரே தாளாளர் அறைக்குப் போனாள். பரணிதரன் கோப்பையில் டீயை ஆற்றிக்கொண்டு மலர்ந்த முகமாக இருந்தார். அவருக்குப் பின்னால் பீரோ.

"சார், என் அசல் சர்டிபிகேட். காலையில செங்கல்பட்டுல வெரிஃபிகேஷன்."

"உக்காரும்மா. அது கல்லுன்னு எனக்குத் தெரியும். நான்தானே ஆர்டர் குடுத்தேன்?"

ரூத் உட்காரவில்லை. "மன்னிச்சிடுங்க சார். அது தின்னவே இல்ல. செத்துடும்போல இருந்துச்சு, அதான் விட்டுட்டேன்."

"எதுக்கும்மா மன்னிப்பு? உயிரோட இருந்ததைக் காட்டியிருந்தா ஒரு மார்க்கு வந்திருக்கும். கல்லைக் காட்டி நீ முழு மார்க்கு வாங்கிக் குடுத்திருக்க. அதுவும் 'கல்லு'ன்னு சொல்லியே!" அவர் குரலில் கேலியே இல்லை; மரியாதைதான் இருந்தது. "இப்படி ஒரு ஆளை அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு நான் என்ன பண்றது? அஞ்சு வருஷம் கழிச்சு குழு மறுபடி வரும். அதுக்குள்ள பெற்றோர் வருவாங்க, பத்திரிகை வரும். போறப்போ தலைவியம்மா என்ன எழுதிட்டுப் போனாங்க தெரியுமா? 'இயக்குநரே இம்மையத்தின் உயிர்.' நீ உயிரை எடுத்துக்கிட்டுப் போறேங்கறியேம்மா."

"சார், ரெண்டு வருஷம் படிச்சு எழுதினது சார். நாளைக்குப் போகலைன்னா போச்சு. அம்மா காத்துக்கிட்டிருக்காங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"சேச்சே, கால்லல்லாம் விழக் கூடாது. படிச்ச பொண்ணு." பரணிதரன் டீயைக் குடித்து முடித்தார். "பத்திரமா இருக்கும்மா. வேட்டிக்கு அடியிலதான் இருக்கு."

முதல்வரிடம் ஓடினாள். வாக்குக் கொடுத்தவர் அவர்தானே. ராமானுஜம் அடுத்த அறிக்கைக்கு நல்ல கல்லூரியாகத் தேடிக்கொண்டிருந்தார். "தாளாளர் கையாலயே வாங்கித் தரேன்னுதானே மேடம் சொன்னேன்? அவர் கை வரலையே," என்றார்.

வெள்ளிக்கிழமை காலையும் ரூத் வேலைக்குத்தான் வந்தாள். கையில் சான்றிதழ் இல்லாமல் செங்கல்பட்டுக்குப் போய் என்ன செய்வது? ஆனால் அவளுடைய அம்மா ஜெசிந்தா நம்பிக்கையை விடவில்லை. மகள் கடைசி நேரத்தில் எப்படியாவது வந்துவிடுவாள் என்று சரிபார்ப்பு நடக்கிற பள்ளிக்கூட வாசலில் குடையும் தண்ணீர் பாட்டிலுமாகப் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து போன் செய்தாள்.

"ரூத்து, உன் பேரைக் கூப்பிட்டாங்கடி. வராதவங்களுக்கு இன்னொரு தடவை கூப்பிடுவாங்களாம். எங்கடி இருக்க? பஸ் ஏறிட்டியா?"

ரூத் பதில் சொல்வதற்குள் மையத்தின் கதவு திறந்தது. பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர் ஏழெட்டுப் பேரை முதல்வர் கூட்டி வந்தார். புகழ் அதற்குள் பரவிவிட்டது. ரூத் போனைக் காதில் வைத்தபடி சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். கட்டியிருந்தது அதே பிஸ்தா சேலை. குழு போனாலும் இனி தினமும் அதைத்தான் கட்ட வேண்டும் என்று காலையில் உத்தரவு வந்திருந்தது.

"இயக்குநர் எங்கே? இப்ப இங்கதானே இருந்தாங்க?" என்று முதல்வர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை ரூத்தின் மேல் பட்டு, நிற்காமல் தாண்டிப் போனது. "சரி, வருவாங்க. நீங்க பாருங்க."

பெற்றோர் பெட்டியை நெருங்கினார்கள். உள்ளே கல் அசையாமல் இருந்தது. தின்ன ஆளில்லாததால் சில்வண்டுகள் கொழுத்துப் பெருகி, கல்லுக்கு அடியிலிருந்து கூட்டமாகக் கத்தின.

"சார், பச்சோந்தி இப்படிக் கத்துமா?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். "நாங்கள்லாம் கேட்டதே இல்லையே."

"எங்க பச்சோந்தி கத்தும்," என்றார் ராமானுஜம். சொன்ன பிறகு லேசாகச் சந்தேகம் வந்து மறுபடி திரும்பியபோதுதான் சுவரோரத்தில் ஆள் நிற்பது தெரிந்தது. "அட, இங்கயேதான் இருக்கீங்களா? நீங்களே சொல்லுங்க மேடம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரூத்தின் காதில், "ரெண்டாவது தடவையும் கூப்பிட்டுட்டாங்கடி," என்றது அம்மாவின் குரல். "அடுத்த பேரைப் படிக்கிறாங்க. ரூத்து? இருக்கியாடி?"

ரூத் போனைத் தாழ்த்தி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"கத்தும் சார்," என்றாள். "புது இடம் பாருங்க. பழகிட்டா நிறுத்திடும்."